ஆவுடைத்தாயும் எறும்பு தின்னும் செடியும்

ஒரு செடி எறும்பைத் தின்றது. கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். புல் மாட்டைத் தின்றது என்று ஒருவன் வந்து சொன்னால் எப்படிச் சிரிப்பீர்களோ, அப்படித்தான் எங்கள் தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஆவுடைத்தாயின் முகத்தைப் பார்த்திருந்தால் அவர்களும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு எறும்புக்கா இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள்.

சிவந்திபுரத்தில் எனக்கு இரண்டு வீடு தள்ளி அவள் வீடு. ஒரே வருசத்தில் ஒரே தெருவுக்கு வாழ வந்தோம். அவள் வீட்டுக்காரர் பெயர் கொம்பையா, மில்லில் வேலை பார்த்தார். பையன் மணிராஜுக்கு மூன்று வயசு ஆகும்போது அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஆவுடைத்தாய் சமைத்துத்தான் பிள்ளையை வளர்த்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், பாங்கிக்காரர்கள், வெளியூரில் இருந்து வேலைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் தூக்குவாளியில் சாப்பாடு போகும். நான் அவளுக்கு அரைத்துக் கொடுக்கவும் காய் நறுக்கவும் போவேன். இன்றைக்கும் போகிறேன்.

இப்போது சைவச் சமையல் என்றால் அவள் பெயரைச் சொல்கிறார்கள். அவள் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தால் ஒரு பருக்கை இலையில் மிஞ்சாது. ஆனால் அந்தக் காலத்து ஆவுடைத்தாயை இவர்கள் பார்த்ததில்லை. புன்னக்காயல்காரி ஒருத்தி கூடையில் நெத்திலிக் கருவாடு கொண்டு வருவாள். தெருவுக்குள் நுழைந்ததும் முதல் நிறுவை ஆவுடைத்தாய்க்குத்தான். அவள் அதை வறுக்கிற வாசனைக்குத் தெருக்கோடியில் இருக்கிறவன் இன்னொரு கை சோறு கேட்பான். கருவாடு இல்லாத நாளில் அவள் சரியாகச் சாப்பிட மாட்டாள். அப்படி ஒரு நாக்கு.

மணிராஜுக்கு ஆறு வயசில் மஞ்சள் காமாலை வந்தது. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். எட்டு இல்லை, ஒன்பது. நானும் கூடவே இருந்தேன். கடைசி இரண்டு நாள் பிள்ளை கண்ணே திறக்கவில்லை. டாக்டர் ஒன்றும் சொல்லாமல் போனார். ஆவுடைத்தாய் ஜன்னல் பக்கம் போய், மேற்கே மலை இருக்கிற திக்கைப் பார்த்துக் கையெடுத்தாள். அவள் குலதெய்வம் மலையடிவாரத்துச் சாஸ்தா.

“சாஸ்தாவே, இவன் கண்ணத் தொறந்தா இனிமே என் வீட்டு வாசலுக்கு உள்ள ஒரு உசுரு போகாது. என் புள்ள மேல சத்தியம்.”

மறுநாள் காலையில் பிள்ளை தண்ணீர் கேட்டான்.

ஊருக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, கருவாட்டுச் சட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது. “நீ வச்சுக்கோளா. இது என் கண்ணுல படக் கூடாது.” அந்தச் சட்டியில்தான் நான் இன்றைக்கும் குழம்பு வைக்கிறேன். நான் மீன் தின்கிறவள். அதை ஏன் மறைக்க வேண்டும்? அவள் வீட்டுக்குப் போகும்போது வாயைக் கொப்பளித்துவிட்டுப் போவேன், அவ்வளவுதான்.

அதற்கு இருபத்தொன்பது வருசம் ஆகிறது. அந்த வீட்டுக்குள் ஒரு கரப்பான் பூச்சி செத்ததில்லை. துடைப்பத்தில் ஏற்றி வெளியே விடுவாள். எலியைக் கூண்டில் பிடித்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிடுவாள். எறும்பு வந்தால் வாசலுக்கு வெளியே ஒரு ஓரத்தில் சர்க்கரையைத் தூவி, வரிசையையே அங்கே திருப்பிவிடுவாள். அப்போ பூச்சி பிடிக்கிற பல்லி? என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பல்லிக்கு மயில் தோகை வைத்திருந்தாள். கண்ணில் பட்டால் விரட்டிக்கொண்டே இருப்பாள். எனக்குத் தெரிந்து சாஸ்தாவே அவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்க மாட்டார். சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

மணிராஜ் வளர்ந்து லாரி ஓட்டுகிறான். போகிற ஊரில் எல்லாம் பிரியாணி தின்கிறான். ஆனால் வீட்டுக்கு வந்தால் வாசலுக்கு வெளியே உள்ள குழாயில் வாயைக் கொப்பளித்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் படியேறுவான். அவன் கழுவி முடிக்கிற வரைக்கும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். “முடிஞ்சுதாலே?” என்பாள். “முடிஞ்சுதும்மா” என்பான். அப்புறம்தான் திரும்பிப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். என்ன தின்றாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் வாழ்க்கை இதுதான். இதற்குள்தான் அந்தச் செடி வந்தது.

போன தை மாசம். மழை நன்றாகப் பெய்து ஓய்ந்த நேரம். படம் எடுக்கிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி பிரேமலதா, சென்னைப் பிள்ளை. அவள்தான் தலைவி. இன்னொருவன் கிங்ஸ்டன், கேமராக்காரன். பாளையங்கோட்டைப் பையன், அப்பா வாத்தியார். சினிமா இல்லையாம். சிங்கம், யானை, கடல் எல்லாம் டிவியில் காட்டுகிறார்களே, அந்த மாதிரி செடிகளைக் காட்டுகிற படமாம். மகாராஜா அண்ணாச்சியின் நிலம் குளத்தை ஒட்டி இருக்கிறது. அதில் ஒரு ஈரப் பள்ளத்தில் அவர்கள் தேடிய செடி கிடைத்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். அந்தச் செடியோ ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். அதைக் கேமராவில் பெரிசாக்கிக் காட்டினால், காற்றில் தலையை ஆட்டுகிற பைத்தியம் மாதிரி இருந்ததாம். காற்றுப் படாத, காலை வெயில் விழுகிற முற்றம் வேண்டும் என்று தேடினார்கள். ஆவுடைத்தாய் வீட்டு முற்றம் நாலு பக்கமும் சுவர், மேலே வானம். அடுப்படிக் கதவைத் திறந்தால் முற்றம்தான்.

வாசலிலேயே நிறுத்திவைத்து விசாரித்தாள்.

“எத்தன பேரு?”

“ரெண்டே பேருதான் பெரியம்மா. ஒரு கேமரா, ஏழு தொட்டி செடி. சாப்பாடும் உங்ககிட்டயே வச்சிக்கிடுதோம்,” என்றான் கிங்ஸ்டன்.

“கறி, மீனு, முட்டை?”

“இந்த வாசலை மிதிக்காது.”

“செடிதான? வேற ஒண்ணும் இல்லையே?”

கிங்ஸ்டன் எச்சிலை விழுங்கினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “செடிதான் பெரியம்மா. சும்மா செடி.”

அவனுக்கு அவள் சத்தியம் பற்றித் தெரியும். மகாராஜா அண்ணாச்சி எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். தெரிந்தும் சும்மா செடி என்றான்.

செடியும் பார்க்க அவ்வளவு அழகு. தரையோடு தரையாகப் பூப்போல விரிந்திருக்கும். குட்டிக் கரண்டி மாதிரி இலை. இலையைச் சுற்றிச் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு சொட்டு. உச்சி வெயிலிலும் அந்தச் சொட்டு காயாது. மருந்துக்காரர்கள் இதை அழுகண்ணி என்பார்கள் என்று பிரேமலதா சொன்னாள். ஆவுடைத்தாய்க்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. “கல்லு வச்ச மூக்குத்தி மாதிரி இருக்கு, அதைப் போயி அழுகுதுன்னு சொல்லலாமா?” அன்றையில் இருந்து அது மூக்குத்திச் செடி. மழைத்தண்ணீர் மட்டும்தான் விட வேண்டும் என்று டிரம்மில் பிடித்து வைத்திருந்தார்கள். அதை மொண்டு மொண்டு காலையிலும் சாயங்காலமும் அவளே ஊற்றினாள். “குடி, குடி” என்று பேசிக்கொண்டே ஊற்றுவாள். இலையில் அங்கங்கே கறுப்புப் பொட்டுத் தெரியும்; தூசி என்று நினைத்துக்கொண்டோம்.

அவர்கள் கேமராவைச் செடிமேல் குனிய வைத்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். வேலையா இது என்று எனக்கு ஆச்சரியம். நாங்கள் அடுப்படியில் இருக்கும்போது முற்றத்தில் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை ஆவுடைத்தாய் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அடுப்படியை ஒட்டிய சுவரில் சாமி மாடம். அதில் சாஸ்தா படம். படையல் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள். ஏழு தொட்டியில் சின்னதாக இருந்த ஒன்றை எடுத்து வந்து, சாமிக்கு முன்னால் வைத்தாள். சாஸ்தாவுக்கு மாணிக்கம் வைத்த மாதிரி மின்னியது.

கொஞ்ச நேரத்தில் கிங்ஸ்டன் முற்றத்தில் இருந்து குரல் கொடுத்தான்.

“பெரியம்மா, ஏழாவது தொட்டி எங்கன?”

“சாமிகிட்ட இருக்குலே.”

ஓடி வருகிற காலடி கேட்டது. அதற்குள் அவள் திரியைத் தூண்டிவிட மாடத்தில் குனிந்துவிட்டாள்.

“ஏளா முத்துராணி, இங்கன வாளா. பொங்கலுக்கு வந்த எறும்பு செடியில ஒட்டிக்கிடுச்சு. பாவம். எடுத்து விடு.”

ஒரு ஈர்க்கை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று எறும்பு. இரண்டு அசையவில்லை. ஒன்று காலை உதறுகிறது. ஈர்க்கால் பைய நிமிண்டினேன். சொட்டு என்று நினைத்தது பலாப் பாலாக இழுபட்டது. ஒரு காலை எடுத்துவிட்டால் இன்னொரு காலில் ஒட்டுகிறது. அப்போதுதான் பார்த்தேன்: பக்கத்தில் நின்ற சிவப்பு மயிர் வளைகிறது. காற்று இல்லை. நான் தொடவில்லை. அது தானாக வளைந்து அந்த எறும்பின் முதுகில் கை வைக்கிறது. அப்புறம் அடுத்தது. அப்புறம் அதற்கடுத்தது.

என் கையில் இருந்த ஈர்க்கு கீழே விழுந்தது. பாம்பைப் பார்த்திருக்கிறேன், வாய்க்கால் வெள்ளத்தில் ஆள் போனதைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் இப்படிப் பயந்ததில்லை.

ஆவுடைத்தாய் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கிங்ஸ்டன் கதவோரத்தில் நின்றான்.

“கிங்ஸ்டனு. இது என்னலே செய்யுது?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “பசிக்கு பெரியம்மா.”

“யாருக்குப் பசிக்கு?”

“செடிக்கு.”

பிரேமலதா வந்து, பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். “அந்த மண்ணுல சத்தே கிடையாது ஆண்ட்டி. அதான் பூச்சியப் பிடிச்சுச் சாப்பிடுது. உலகம் பூரா இப்படி நிறையச் செடி இருக்கு. அதைப் பத்திதான் படமே எடுக்கறோம்.”

“மண்ணுல சத்து இல்லேன்னா வாடிப் போகணும். அதானம்மா செடிக்கு மரியாதை?” என்றாள் ஆவுடைத்தாய். பிறகு கிங்ஸ்டனைப் பார்த்தாள். “ஒம்பது நாளா என் கையால தண்ணி ஊத்துனேன். ஒம்பது நாளும் இதத்தான் படம் எடுத்தியளா?”

“ஆமா பெரியம்மா.”

“தானா வந்து விழுந்ததா?”

அவன் சட்டைப் பையில் இருந்து ஒரு சின்ன இடுக்கியை எடுத்துக் காட்டினான். எறும்பையும் கொசுவையும் பிடித்து இலையில் வைக்கிற இடுக்கி.

“எல தின்னி, கறி தின்னின்னு ரெண்டுதான்னு நெனச்சேன்,” என்றாள். “எலையே கறி தின்னுதுன்னு யாரும் சொல்லலியே முத்துராணி.”

அன்றைக்குப் பொரியலுக்கு முருங்கைக்கீரை உருவி வைத்திருந்தோம். அவள் அந்த முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கொத்தை எடுத்து இலையின் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதும் ராத்திரி எதையாவது பிடிக்குமோ என்னமோ. இனிமே எதை நம்பி உலையில போட?” நல்லவேளை, கத்திரிக்காய் இருந்தது. இரண்டு நாள் அந்த வீட்டில் கீரை சமைக்கவில்லை. வாத்தியார்கள் என்னைக் கேட்டார்கள். நான் என்ன சொல்வேன்?

ஆனால் அவள் பயந்தது கீரைக்காக இல்லை. போனை எடுத்து மணிராஜுக்குப் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். தூத்துக்குடியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே நாக்பூர் பக்கம் போயிருந்தான். அரை மணிக்கூறு கழித்துப் போட்டாள். அப்போதும் அப்படியே.

“புள்ள மேல சத்தியம் பண்ணியிருக்கேன். வாசலுக்கு உள்ள ஒம்பது நாளா உசுரு போயிருக்கு, சாஸ்தா கண்ணு முன்னாலயே மூணு. பெறகு போன் எப்படி எடுப்பான்?”

“சார்ஜு இருக்காது. வேற என்ன?” என்றேன். அவள் மறுபடியும் போனைப் போட்டாள்.

பிரேமலதாவும் கிங்ஸ்டனும் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். படத்துக்கு இன்னும் ஒரே ஒரு துண்டுதான் பாக்கியாம். ஒரு இலை முழுசாக மூடி, தின்று, மறுபடி விரிகிறது வரைக்கும் ஒரே இடத்தில் கேமராவை வைத்து எடுக்க வேண்டும். அதற்கு வேறு முற்றம் பார்க்க வேண்டும். ஆவுடைத்தாய் கேட்டாள்:

“இதுகள எங்க கொண்டு போறிய?”

“தெரியல பெரியம்மா. குளத்துப் பள்ளம் காஞ்சு போச்சு. ஆடு மேயுது. காருக்குள்ள வச்சா சூட்டுல வெந்துரும்.”

“அப்போ என் வாசல்ல இருந்து தள்ளிச் சாகடிச்சா, அது உசுரு இல்லையா?”

கிங்ஸ்டன் தூக்கின தொட்டியைக் கீழே வைத்தான்.

“இங்கனயே இருக்கட்டும். இத நான் சைவமா மாத்துதேன்.”

கிங்ஸ்டன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். “பெரியம்மா, அது நடக்காது.”

“ஏம்லே நடக்காது? நான் கருவாட்ட விட்டேன். இது எறும்ப விடாதா?”

அவள் அப்படித்தான். ஏழு தொட்டியையும் மாவுச் சல்லடை, சோறு வடிக்கிற தட்டு, கொசுவலைத் துண்டு என்று எதை எதையோ கொண்டு மூடினாள். ஒரு கொசு உள்ளே போக முடியாது. மணிராஜுக்குக் குழந்தையில் பால் புகட்டிய பாலாடையை எடுத்துக் கழுவினாள். காய்ச்சி ஆறவைத்த பசும்பாலை ஒவ்வொரு இலைக்கும் ஒவ்வொரு சொட்டு வைத்தாள்.

கேளுங்கள். இலை பாலுக்கு வளைந்தது. எறும்பைப் பிடித்த மாதிரியே, மயிர் எல்லாம் பைய மடங்கிப் பாலைச் சுற்றிக்கொண்டது.

“குடிக்கி! ஏளா, குடிக்கி!” அவள் அழுதுவிட்டாள். பிரேமலதா ஓடிவந்து அதையும் படம் எடுத்தாள். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. அவள் நினைத்தால் எதையும் திருத்திவிடுவாள் என்று நினைத்தேன்.

ஆனால் அவளுக்கு அது போதவில்லை. மழைத்தண்ணீரில் என்ன சத்து இருக்கிறது, வெறும் வயிறாகக் கிடக்குமே என்று, கிங்ஸ்டன் இல்லாத நேரம் பார்த்து அரிசி கழுவின தண்ணீரை வேரில் ஊற்றியிருக்கிறாள். மண்ணில் சத்து இல்லாததால்தானே இந்தப் பாவம் செய்கிறது, சத்தைக் கொடுத்தால் விட்டுவிடும் என்பது அவள் கணக்கு. எனக்கும் தெரியும். நான்தான் அரிசி கழுவிக் கொடுத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை.

மூன்றாம் நாள் காலையில் சல்லடையைத் தூக்கினாள். புளித்த வாடை. இலையெல்லாம் வெள்ளையாகப் பூசணம். நடுவில் கறுத்து, கூழாகிக் கிடந்தது. அடுத்த தொட்டியும் அப்படியே. அதற்கடுத்ததும். சிவப்பே இல்லை. ஒரு சொட்டும் இல்லை.

கிங்ஸ்டன் மண்ணை எடுத்து மோந்து பார்த்தான். “என்ன ஊத்துனிய பெரியம்மா?”

“அரிசி கழுவுன தண்ணி.”

“சாப்பாடுதான் ஊத்தியிருக்கிய,” என்றான். கோபமே இல்லாமல்தான் சொன்னான். “மண்ணுல சத்து வந்தா இதுக்கு வேரு அழுகிப் போகும். இதால அதைத் தாங்க முடியாது.”

அவள் அந்த மூன்று தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். எறும்பைச் செடி கொன்றது. இதை யார் கொன்றது? இருபத்தொன்பது வருசமாகக் கரப்பானைக்கூடத் துடைப்பத்தில் ஏந்திப் போன கை.

“மூணு உசுரு போச்சு. இது என் கையால போனது,” என்றாள். போனை எடுத்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

அன்றைக்குச் சாப்பாடு யாருக்கும் போகவில்லை. உலையே வைக்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தீனி கொடுத்தாலும் உசுர் போகிறது, கொடுக்காவிட்டாலும் உசுர் போகிறது. நடுவில் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஏடு படிந்து ஆறிப்போனது. பிரேமலதா பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த லாரி ஆபீசுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தாள். வண்டி திரும்பி வருகிறது என்று ஒருவன் சொன்னான். வண்டி வருகிறது என்றான், ஆள் வருகிறான் என்று சொல்லவில்லையே என்றாள் ஆவுடைத்தாய்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். ஒரு ஆட்டோ வந்து நின்றது. மணிராஜ் இறங்கினான். தாடியும் அழுக்குச் சட்டையுமாக, பல்லைக் காட்டிக்கொண்டு.

“என்னம்மா வாசல்லயே உக்காந்திருக்க? போனு டயருக்கு அடியில போயி சட்னி ஆகிட்டும்மா.”

அவள் எழுந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவனோ பழக்கத்தில் நேராகக் குழாய்க்குப் போனான். வழியில் என்னத்தைத் தின்றானோ, வாயைக் கொப்பளித்தான், கை கழுவினான். அவளும் பழக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“முடிஞ்சுதும்மா,” என்றான்.

அவள் திரும்பவில்லை.

“அம்மா, முடிஞ்சுது.”

அழுகிறாள் என்று கிட்டே போனேன். அழவில்லை. கண்ணை அகலத் திறந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா முத்துராணி. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்ல கெடா வெட்டும்போது என்ன செய்வாவ?”

“என்ன செய்வாவ? சாஸ்தாவுக்குத் திரை போடுவாவ.”

“எதுக்கு?”

“சாஸ்தா சைவம்லா. கருப்பசாமிக்குக் கறி வேணும். கருப்பன் படையல் முடியுந்தட்டியும் சாஸ்தா கண்ணுல படக் கூடாது.”

“ஒரே கோயில்தான?”

“ஒரே கோயில்தான்.”

“ஒரே வாசல்தான?”

“ஆமாளா, ஒரே வாசல்தான். அதுக்கென்ன இப்போ?”

அவள் திரும்பி மகன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். ஒரு மணிக்கூறு பார்த்த மாதிரி இருந்தது. பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, கொம்பையாவின் எட்டு முழ வேட்டியை எடுத்து வந்தாள்.

“ஏலே, ஆணி அடி.”

அடுப்படிக் கதவுக்கும் முற்றத்துக்கும் நடுவில் மணிராஜ் வேட்டியைக் கட்டினான். அடுப்படியும் சாமி மாடமும் இந்தப் பக்கம், மிச்சம் இருந்த நாலு தொட்டியும் அந்தப் பக்கம். சாமி மாடத்தில் வைத்த குட்டிச் செடியும் அந்த நாலில் ஒன்று, எப்படியோ தப்பித்திருந்தது. அவள் கிங்ஸ்டனைக் கூப்பிட்டாள்.

“அந்த இடுக்கிய இங்கன குடு.”

கொடுத்தான். அதை முந்தியில் முடிந்துகொண்டாள்.

“யாரும் எதையும் பிடிச்சுப் போடக் கூடாது. வந்தா அது பாடு, வராட்டா அது பாடு. கருப்பன் படையல் முடிஞ்சதும் எங்கிட்டச் சொல்லணும். அதுவரைக்கும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன்.”

இதைக் கேட்டுவிட்டுச் சாமியை ஏமாற்றுகிற வேலை என்று தெருவில் இரண்டு பேர் பேசினார்கள். பேசட்டும். சாஸ்தா கோயிலில் எத்தனை தலைமுறையாகத் திரை போடுகிறோம், அங்கே போய் யாரும் கேட்டதில்லை.

நான் முற்றத்துப் பக்கம் உட்கார்ந்தேன். மணிராஜும் உட்கார்ந்தான். கேமராவோடு ஒரு சின்ன டிவி இருந்தது. அதில் அந்தக் குட்டிச் செடி தென்னை மரம் அளவுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சொட்டும் ஒரு விளக்கு. அரை மணிக்கூறு ஒன்றும் வரவில்லை. கழுத்து வலித்தது. அப்புறம் ஒரு எறும்பு தானாக வந்தது. தொட்டி விளிம்பில் ஏறி, மண்ணில் இறங்கி, இலையோரத்தில் நின்று மீசையை ஆட்டியது.

போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். வேட்டிக்கு அந்தப் பக்கம் ஆவுடைத்தாய் இருக்கிறாள் என்று அடக்கிக்கொண்டேன். கிங்ஸ்டன் மூச்சுவிடவில்லை. அந்தக் குட்டிச் செடிக்குச் சல்லடை போட்டு மூடின நாளில் இருந்து பசி என்பதும் எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் பார்த்தால் யாருக்காகக் கும்பிட?

எறும்பு காலை வைத்தது.

பெரிசாகப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. மயிர்கள் எறும்பை அடிக்கவில்லை, குத்தவில்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து, சுற்றி, அணைத்து, கடைசியில் இலையும் மடங்கி, பிள்ளையை முந்தானையில் பொதிந்து எடுக்கிற தாய் போல மூடிக்கொண்டது. அந்த அணைப்புக்கு உள்ளே ஒரு கால் மட்டும் ஆடியது. பிறகு அதுவும் நின்றது. ஊர் ஊராகப் பிரியாணி தின்கிற மணிராஜ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டான்.

“சித்தி, இனிமே கோழி திங்கது கஷ்டம்,” என்றான் குசுகுசுவென்று.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது.

“ஏளா, தின்னுச்சா?”

அணைத்த மாதிரி இருந்தது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. “திங்குது,” என்றேன்.

“பையத் திங்கட்டும். அவசரப்படுத்தாதிய.”

அது தின்று முடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் வேட்டி தொங்கியது. தூக்குவாளிகளைத் தெருப்பக்கமாகவே கொண்டு போனோம். சொதி வைத்தாள், கீரையும் மசித்தாள். மணிக்கு ஒரு தரம் “முடிஞ்சுதா?” என்று கேட்பாள். “இன்னும் இல்லை பெரியம்மா” என்பான் கிங்ஸ்டன். மூன்றாம் நாள் காலையில் இலை விரிந்தது. நடுவில் எறும்பின் வெறும் கூடு மட்டும் ஒரு கறுப்புப் பொட்டாகக் கிடந்தது. சொட்டுகள் மறுபடி மின்னின. பிரேமலதா கிங்ஸ்டனின் முதுகில் ஒரு அடி போட்டாள்; சந்தோசத்தில்தான்.

“முடிஞ்சுது ஆவுடை,” என்றேன்.

“நல்லா தின்னுச்சா?”

“நல்லா தின்னுச்சு.”

“வாயக் கழுவிவிடு. பெறகு திரைய எடு.”

கிங்ஸ்டன் என்னைப் பார்த்தான். நான் மணிராஜைப் பார்த்தேன். அவன் சிரிக்காமல் டிரம்மில் இருந்து ஒரு டம்ளர் மழைத்தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்தான். அந்தச் செடிக்கு வாய் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு ஓரமாகப் பைய ஊற்றினேன்.